அவருக்காகப் போட்டுக்கொண்ட ஊசி

கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து நர்ஸ் பெண் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குழலி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். தன் பெயர் எப்படியும் உடைந்துதான் வரும், எந்தத் துண்டு முதலில் வரும் என்றுதான் தெரியாது. மட்டுவார்குழலி. மலைக்கோட்டைக்குக் கீழே பிறந்த பெண்ணுக்கு மலைமேல் இருக்கிற அம்மன் பேரை அப்பா வைத்துவிட்டார், திருச்சியைத் தாண்டினால் அதை முழுசாகச் சொல்ல ஆள் கிடையாது, இப்போது திருச்சிக்குள்ளேயே கிடையாது. தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெருவில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த கிளினிக். ஐப்பசி மழை அப்போதுதான் பிடித்திருந்தது. வந்தவர்களின் குடைகள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தலைகீழாகச் சொட்டிக்கொண்டிருந்தன. அவளுடையதும் அதற்குள்தான் இருந்தது, வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தாள், போனால் போகட்டும் என்றும் நினைத்தாள், இரண்டு நினைப்பும் ஒரே கனத்தில் இருந்தன. கொஞ்ச காலமாக எல்லாமே அப்படித்தான். பால் பொங்கி வழிந்தாலும், பஸ் தவறிப் போனாலும், டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாலும், எல்லாம் ஒரே கனம். போன வாரம் அந்த டாக்டர்தான் சொன்னார். புற்றுநோய் ஆஸ்பத்திரியில், அவள் கணவர் சபேசன் உள்ளே படுத்து கீமோ ஏற்றிக்கொண்டிருக்க, வெளியே வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். "அவர் உடம்புல இப்ப எதிர்க்கிற சக்தியே இல்லம்மா. ஃப்ளூ ஊசி அவருக்கு நாங்க போட்டாச்சு. ஆனா இந்த நெலமைல அது பாதிதான் பிடிக்கும். கூட இருக்கறவங்க போட்டுக்கிட்டாத்தான் அவருக்குப் பாதுகாப்பு. கூட யார் யார் இருக்கீங்க?" "நான் மட்டும்தான்." "அப்ப நீங்க அவசியம் போட்டுக்கணும். மழை ஆரம்பிச்சிடுச்சு, ஊரெல்லாம் காய்ச்சல். உங்களுக்கு வந்தா நாலு நாள் படுத்து எந்திரிச்சிடுவீங்க. அவருக்கு வந்தா..." 

கூட இருக்கறவங்க. அந்தக் 'கூட' என்கிற சொல் அன்றைக்கு வராந்தாவில் தொற்றிக்கொண்டது, இன்னும் போகவில்லை. பாத்திரம் கழுவும்போது, நடக்கும்போது, ஒரு சின்னக் கல் செருப்புக்குள் புகுந்துகொண்டதுபோல நெருடிக்கொண்டே இருந்தது. கூட. யாருக்குக் கூட, யார் கூட. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த சபேசன் கல்யாணமான நாளிலிருந்து அவள் கூட இருந்தார், ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குக்கரில் வெந்த சோற்றைத் தின்றுகொண்டு. பேசமாட்டார். கோபக்காரர் என்று சொல்ல முடியாது, குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. பேசமாட்டார், அவ்வளவுதான். சாப்பாடு எப்படி இருக்கு என்றால் "ம்". மகன் தினகருக்குக் காய்ச்சல் அடிக்குது என்றால் "சரி". கிளம்பும்போது "வரேன்". ஒரு நாளைக்கு இந்த மூன்று சொல்லுக்கு மேல் செலவழித்தால் குறைந்துபோய்விடும் என்பதுபோல இருப்பார். கல்யாணமான புதிதில் அவள் நிறையப் பேசினாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை அவளுக்கு, அங்கே நடப்பதையெல்லாம் சொல்லுவாள், அமிலம் கொட்டித் துப்பட்டா ஓட்டையான பெண்ணைப் பற்றி, பிப்பெட் குழாயில் அமிலத்தை உறிஞ்சும்போது சிரித்துவிட்டு வாய் வெந்த பெண்ணைப் பற்றி. "ம்." கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் வரும். போகப் போக அவளும் குறைத்துக்கொண்டாள், பிறகு நிறுத்தியே விட்டாள். அப்புறம் அரக்கோணத்துக்கு மாற்றல் வந்தது. முதலில் வாரா வாரம் வந்தார், பிறகு மாசத்துக்கு ஒரு தடவை, பிறகு தீபாவளி பொங்கல், பிறகு அதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. ஒரு தடவை வந்தபோது துவைக்கப் போட்ட சட்டையில் ஒரு பொத்தான் புதிதாகத் தைத்திருந்தது, நாலு ஓட்டையிலும் குறுக்கே நூல் ஓட்டி, அடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்த அழகான தையல். குழலி எப்போதும் இணையாகத்தான் ஓட்டுவாள். அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு குழாயடியில் நின்றது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் வாளி நிறைந்து வழிந்ததும் ஞாபகம் இருக்கிறது, என்ன தோன்றிற்று என்பது மட்டும் ஞாபகம் இல்லை. பொன்மலைப் பட்டறையிலிருந்து ஒருத்தர் வந்து, அரக்கோணத்தில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்று சுற்றி வளைத்துச் சொன்னபோது, தெரியும் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

"இந்திராணி சேகர்," என்று நர்ஸ் கூப்பிட்டாள். எதிர் நாற்காலியில் இருந்த கர்ப்பிணிப் பெண் இடுப்பில் கை கொடுத்து எழுந்தாள், புருஷன் பின்னாலேயே அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அவன் ஆஸ்பத்திரி ஃபைலால் அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தான், மின்விசிறி ஓடுகிறது, வெளியே மழை, இருந்தாலும் விசிறிக்கொண்டிருந்தான். என்னவோ சொல்லிக்கொண்டும் இருந்தான், அவள் ஒரு தடவை பல் தெரியச் சிரித்து அவன் தொடையில் தட்டினாள். குழலி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை இல்லை, பொறாமை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆய்வகத்தில் கெட்டியான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும்போது தண்ணீர் சுடுகிறது என்று தெரியும், ஆனால் கை சுடாது. அந்தக் கையுறையைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது என்று ஒரு நாள் தோன்றியது. கோடையில் ஒரு மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தபோதும் அப்படித்தான் இருந்தது. சபேசன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை, தலைமுடி பாதி நரைத்து, கழுத்து ஒரு பக்கமாக வீங்கி. அத்தனை வருஷம் கழித்து வந்த மனுஷன் சொன்னது ஒரே வாக்கியம். "கழுத்துல நெறி கட்டியிருக்கு." அவள் நகர்ந்து வழிவிட்டாள். கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் நகர்ந்து வழிவிடுவதைப் போல. அதற்குப் போய் ஊரே அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசியது. உனக்குப் பெரிய மனசு என்றார்கள், வேறு ஒருத்தியா இருந்தா செருப்பால அடிச்சிருப்பா என்றார்கள். ஓசூரிலிருந்து தினகர் ஃபோனில் கத்தினான். "எதுக்கும்மா உள்ள விட்ட? யாரு அவரு நமக்கு?" பிறகு, "அவரு இருக்கற வரைக்கும் நான் அங்க வரமாட்டேன்," என்றான். அவனுக்காவது கோபம் வருகிறதே என்று நினைத்தாள். பெரிய மனசும் இல்லை, சின்ன மனசும் இல்லை, அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது.

எழுந்து போய்விடலாம் என்கிற எண்ணம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரமாகவே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்ததுபோல வந்தது. எழுந்து, படியிறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய், "போட்டாச்சு," என்று சொல்லிவிடலாம். சபேசன் "ம்" என்பார். கையைக் காட்டு என்று கேட்கப்போகிற ஆள் இல்லை. டாக்டர் கேட்டாலும் போட்டாச்சு. பிறகு ஒரு நாள் மார்க்கெட்டிலோ பஸ்ஸிலோ யாரோ இருமுவார்கள், இரண்டு நாள் கழித்து அவளுக்குத் தொண்டை கரகரக்கும், கஷாயம் வைத்துக் குடிப்பாள், கஞ்சி டம்ளரை அவர் கையில் கொடுக்கும்போது ஒரு தும்மல் வரும். அவ்வளவுதான். அவள் ஒன்றும் செய்திருக்க மாட்டாள். ஒன்றும் செய்யாமல் இருந்திருப்பாள், அதுதானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள். டாக்டர் முடிக்காமல் விட்ட வாக்கியம் தானாக முடிந்துபோகும். வீட்டில் ஆட்கள் கூடுவார்கள், தினகர் வருவான், மூங்கில் கட்டுகிற சத்தம் கேட்கும், எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், கடைசிக் காலத்துல அவதான பாத்துக்கிட்டா என்பார்கள். இதையெல்லாம் அவள் நிதானமாக நினைத்துப் பார்த்தாள், நாளைக்கு என்ன குழம்பு என்று நினைப்பதைப் போல. அந்த நிதானத்தைப் பார்த்ததும் சட்டென்று ஒன்று வந்தது. பயம்தானா அது? அவர் செத்துப்போவார் என்கிற பயமா? இல்லை. இவ்வளவு மோசமான ஒன்றை நினைத்தும் உள்ளங்கை வியர்க்கவில்லையே, நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லையே, இந்தப் பொம்பளை யார், எப்போது வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள் என்கிற பயம். அதுவும் வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. எழுந்து போவதற்கும் ஒரு முனைப்பு வேண்டுமே. அவள் உட்கார்ந்திருந்தாள். சுவரில் கடிகாரம் ஓடியது. யாரோ இருமினார்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மட்டு... மட்டுவர்... சாரிம்மா, குழலி." உடைந்துதான் வந்தது, கடைசித் துண்டு மட்டும் முழுசாக. குழலி எழுந்தாள். முடிவெடுத்து எழுந்தாள் என்று சொல்ல முடியாது, பேரைக் கூப்பிட்டார்கள், கால் எழுந்துவிட்டது. உள்ளே ஸ்பிரிட் வாடை ஜில்லென்று மூக்கில் ஏறியது. நர்ஸுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சட்டைப்பையில் சுகந்தி என்று பேர் குத்தியிருந்தது. "காய்ச்சல் ஏதும் இருக்காம்மா? முட்டை சாப்பிட்டா ஒத்துக்காமப் போகுமா?" "முட்டை சாப்பிட்டே ரொம்ப வருஷம் ஆச்சு." "ஏன், சைவமா?"  சபேசனுக்கு முட்டை பிடிக்கும், அவர் போன பிறகு முட்டை வாங்குவது நின்றுபோனது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதுவாக நின்றுபோனது, இப்போது மறுபடி டாக்டர் சொல்லி தினமும் அவித்துக் கொடுக்கிறாள், மஞ்சள் கருவை அவர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடுகிறார். முன்பு மஞ்சள் கருவைத்தான் முதலில் தின்பார். அதை அரக்கோணத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது நோய் மாற்றியிருக்கிறது, இரண்டில் எது என்று தெரியாமல் தினமும் அந்த மஞ்சள் உருண்டையைக் காக்கைக்குப் போடுகிறாள். "யாருக்காவது உடம்பு முடியலையாம்மா வீட்ல? இந்த மழைல நெறையப் பேரு அதுக்காகத்தான் வந்து போட்டுக்கறாங்க." "ஆமா. கீமோ எடுக்கறாரு." "வீட்டுக்காரரா?" வீட்டுக்காரர். வீட்டில் இல்லாமலே அத்தனை வருஷம் அந்தப் பேரைச் சுமந்தவர். "ஆமா," என்றாள். சுகந்தியின் குரல் உடனே இளகிவிட்டது. "கவலப்படாதீங்கம்மா, நீங்க இருக்கீங்கள்ல." ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்தது, மேலே ஏற்ற முடியாமல் பெண் கொஞ்சம் திணறினாள், பிறகு முன்னால் இரண்டு கொக்கியைக் கழற்றித் தோளிலிருந்து இறக்கச் சொன்னாள். தோளில் குளிர்ந்த பஞ்சு பட்டது. யாரோ ஒருத்தர் தன் தோளைத் தொட்டு எத்தனை நாள் ஆகிறது என்று குழலி யோசித்தாள், யோசித்து முடிப்பதற்குள் ஊசி இறங்கி ஏறிவிட்டது. "வலிச்சுதா?" "எப்ப போட்ட?" சுகந்தி சிரித்தாள், தன் கைராசியைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "அரை மணி நேரம் வெளிய உக்காருங்கம்மா. மயக்கம், மூச்சு முட்டறது, அரிப்பு, எதுனா இருந்தா உடனே கூப்பிடணும். இது உடம்புல பிடிக்க ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் அவர் பக்கத்துல போறப்ப மாஸ்க் போட்டுக்கங்க."

வெளியே ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி கிடைத்தது. ஆயிற்று. போட்டுக்கொண்டாயிற்று. நல்ல காரியம் செய்தோம் என்று தோன்றவில்லை, ஏமாந்துவிட்டோம் என்றும் தோன்றவில்லை. அவருக்காகப் போட்ட மருந்து அவள் உடம்புக்குள் போயிருக்கிறது, அவள் ரத்தம் இனிமேல் அவருக்காக வேலை பார்க்கும், அவளைக் கேட்காமலே. கல்லூரியில் ஒரு மேடம் சொல்லுவார், சில பொருள் தான் மாறாமல் பக்கத்தில் இருந்தே வேறு எதையோ நடத்திவிடும் என்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மடியில் இருந்த ஃபோன் அதிர்ந்தது. திரையில் 'அரக்கோணம்' என்று வந்தது. அந்த எண்ணை அவள் அப்படித்தான் போட்டு வைத்திருந்தாள், ஒரு ஊரே கூப்பிடுவதைப் போல இருக்கும். சபேசன் வந்து சேர்ந்த மறுநாள் முதல் தடவையாக அந்த எண்ணிலிருந்து கூப்பிட்டது. "அக்கா, எம் பேரு பிலோமினா. அவரு பத்திரமா வந்து சேந்துட்டாரான்னு கேக்கத்தான். நான்தான் ரயில் ஏத்தி விட்டேன். இங்க எனக்குத் தையல் வேலைய விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய ஆளில்ல. அங்கதான் ரயில்வே ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு, பையன் இருக்கான்..." குழலி ஃபோனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த எண் எத்தனையோ தடவை கூப்பிட்டது, அவள் எடுத்ததில்லை, அழித்ததும் இல்லை. ரயில் ஏற்றி விட்டது தள்ளிவிட்டதா, விட்டுக்கொடுத்ததா என்று சில நாள் யோசித்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஆனால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை. கையுறைக்குள்ளும் சுடுகிற ஒரே இடம் அது. அரக்கோணத்தில் ஒரு வீடு, குழலி பார்த்ததே இல்லாத வீடு. அதில் ஒரு கூடம், தையல் மெஷின், சாயங்கால வெளிச்சம். சபேசன் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். பட்டறையில் நடந்ததைச் சொல்கிறார், கை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். பேசாத வீட்டிலிருந்து ஒரு மனுஷன் எதற்குப் போவான், பேசுகிற இடத்துக்குத்தானே போவான். அத்தனை வருஷம் தன்னிடம் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். காது மடலில் முடி முளைத்த அந்த ஊமை மனுஷனை அவளிடம் விட்டுவிட்டு, பேசுகிற சபேசன் ரயிலேறிப் போய்விட்டார். இப்போது நோயோடு திரும்பி வந்திருப்பதும் அந்த ஊமைதான், மற்றவர் அங்கேயே இருக்கிறார். ராத்திரி அவர் புரண்டு படுக்கும்போது, வாந்தி எடுத்துவிட்டு அவள் நீட்டுகிற தண்ணீரை வாங்கும்போது, அவள் அந்த முகத்தில் மற்றவரைத் தேடியிருக்கிறாள். ஃபோன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் எடுத்தாளோ என்னவோ, குழலி பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தாள்.

"அக்கா? அக்கா, எடுத்துட்டீங்களா? நான் பிலோமினா பேசறேன்."

"ம்."

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. நான் வெளிய இருக்கேன்."

"எப்படி இருக்காருக்கா?"

"இருக்காரு."

"சாப்பிடறாரா?"

"கஞ்சி குடிக்கிறாரு. முட்டை வெள்ளைக் கரு. தாளிக்கிற வாடை ஆகல."

 ஃபோனுக்குள் பின்னால் எங்கோ ஒரு சரக்கு வண்டி நீளமாகக் கடகடத்துப் போவது கேட்டது. அது போய் முடியட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு பிலோமினா ஒரே மூச்சில் சொன்னாள், பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தது தெரிந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிடவா? வீட்டுக்குள்ள வரல. வாசல்ல நின்னு பாத்துட்டு அடுத்த வண்டிக்கே திரும்பிடறேன். இங்க டாக்டரம்மாகிட்ட கேட்டேன். கீமோ எடுக்கறவங்களப் பாக்கப் போறதுன்னா ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டுப் போன்னு சொன்னாங்க. போன மாசமே போட்டுக்கிட்டேன். நம்மளால அவருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதில்ல."

போன மாசமே. யாரும் வராந்தாவில் நிறுத்திச் சொல்லாமல், வா என்று கூப்பிடாமல், வந்தால் வாசலில் நிற்பதற்காக. குழலி ஜன்னலைப் பார்த்தாள். கம்பியில் மழைத்துளி வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வராதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், வேறு ஒன்று வந்து விழுந்தது.

"அங்க அவரு பேசுவாரா?"

"என்னக்கா?"

"உங்க வீட்ல. பேசுவாரா? சிரிச்சுப் பேசுவாரா உங்ககிட்ட?"

"யாரு, இவரா?" பிலோமினாவின் குரலில் இருந்த ஆச்சரியம் போலியாக இல்லை. "எங்கக்கா பேசினாரு. 'ம்'பாரு. 'சரி'ம்பாரு. நான்தான் மெஷின ஓட்டிக்கிட்டே நாள் பூரா பேசிக்கிட்டிருப்பேன், செவுத்துகிட்டப் பேசற மாதிரி. நீங்க கேட்டதால சொல்றேன், எனக்கு அதுல ரொம்ப வேதனைக்கா. ஊர்ல பொண்டாட்டிகிட்டப் பேசறதையெல்லாம் பேசி முடிச்சுட்டு மிச்சமா இங்க வந்து கெடக்கறாருன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் கோவத்துல கேட்டே புட்டேன், அக்காகிட்டயாவது வாயத் தொறந்து பேசுவீங்களான்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'ம்'னாரு."

குழலிக்கு முதலில் இருமல் வருவதுபோல இருந்தது. வயிறு குலுங்கிற்று, பிறகு தோள், பிறகு மூக்கு வழியாக ஒரு சத்தம் வெடித்தது. அது சிரிப்பு என்று அவளுக்கே தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. அரக்கோணத்து வீட்டின் கூடம் ஞாபகத்துக்கு வந்தது, அந்த நாற்காலி, அந்தச் சாயங்கால வெளிச்சம், கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த மனுஷன். அங்கே யாருமே இல்லை. ஒரு பொம்பளை மெஷின் ஓட்டிக்கொண்டு திருச்சியில் இருக்கிற ஒரு கூடத்தைக் கற்பனை பண்ணிக்கொண்டிருந்தாள், இங்கே ஒருத்தி அரக்கோணத்துக் கூடத்தை. இரண்டு கூடத்திலும் அந்தப் பேசுகிற ஆள் இருந்ததில்லை, எங்குமே இருந்ததில்லை. எத்தனை வருஷம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூச்சு இழுத்தது, கர்ப்பிணிப் பெண்ணின் புருஷன் எழுந்து ஓடி, "சிஸ்டர், சிஸ்டர், இந்தம்மாவுக்கு என்னவோ ஆகுது," என்று கத்தினான். சுகந்தி ஓடி வந்து நாடியைப் பிடித்தாள். "மூச்சு முட்டுதாம்மா? தொண்டை அடைக்குதா? நாக்க நீட்டுங்க." குழலி நாக்கை நீட்டினாள், அதோடேயே தலையை ஆட்டி ஒன்றுமில்லை என்றாள். ஃபோனுக்குள் பிலோமினா, "அக்கா, அக்கா, அழறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இல்ல. ஒண்ணுமில்ல." குழலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் தன்னுடையதுபோல இல்லை. "இங்க ஊசி போட்டுக்க வந்தேன். அவருக்காகத்தான். எனக்குப் பிடிக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம். உங்களுக்கு ஏற்கெனவே பிடிச்சிருக்கும். எப்ப வேணா வாங்க. வாசல்ல எல்லாம் நிக்க வேணாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு, "சரிங்க்கா," என்று ஒரு சின்னக் குரல்.

சுகந்தி இன்னும் கொஞ்ச நேரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சந்தேகத்தோடேயே உள்ளே போனாள். குழலி ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாள். மன்னித்துவிட்டாளா? அப்படி ஒன்றும் தெரியவில்லை. பெரிய சாமான் ஒன்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தின பிறகு அந்த இடம் வெறிச்சென்று தெரியுமே, தூசி மட்டும் சதுரமாகப் படிந்து, அப்படி இருந்தது. அந்த வெறுமையில் அவளுக்கு ஒரு கோபம் வந்தது, அரக்கோணத்தின் மேல் இல்லை, ஓசூரின் மேல் இல்லை, வீட்டில் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அந்த மனுஷன் மேல், எளிமையான, பழைய, கல்யாணமான புதிதில் வந்திருக்க வேண்டிய கோபம். வீட்டு எண்ணை அழுத்தினாள். நிறைய நேரம் மணி அடித்தது. எடுக்கிற சத்தம் கேட்டது, ஹலோ என்கிற சொல் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது.

"நான்தான். ஊசி போட்டாச்சு."

"ம்."

"ம் வேணாங்க," என்றாள் குழலி. சத்தம் போடவில்லை. "இந்தத் தடவை ம் வேணாம். ஏதாவது பேசுங்க. எது வேணாலும் சரி. நான் வெக்க மாட்டேன், கேட்டுக்கிட்டே இருப்பேன்."

கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பார். இருமினார். எச்சில் விழுங்குவது கேட்டது. சுவர்க்கடிகாரம் இங்கே ஓடுகிறதா அங்கே ஓடுகிறதா என்று புரியவில்லை. வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"பயமா இருக்கு," என்றார் சபேசன்.

 டாக்டர் சொன்னது எதுவும் உதவவில்லை, ஊர் சொன்னது எதுவும் உதவவில்லை. சுகந்தி கதவைத் திறந்து, "நேரம் ஆயிடுச்சும்மா, நீங்க கெளம்பலாம்," என்றாள். குழலி இரு என்று கையைக் காட்டிவிட்டு, ஃபோனைக் காதோடு இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வைக்கவில்லை.